பழைய லேப்டாப்பை குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸுக்கு மாற்றுவது எப்படி? அவசரப்படாமல் செய்ய ஒரு வழிகாட்டி

எங்கள் சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2015-இல் வாங்கிய லேப்டாப்பின் பட்டனை அழுத்திவிட்டு அவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவார். வந்த பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சர்வீஸ் கடையில் காட்டினோம். "விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராது சார், 11 இதுல ஏறாது. புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். இரண்டும் உண்மைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். சித்தப்பாவுடையது ஐந்தாம் தலைமுறை ஐ3.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டது இதைத்தான்: "சித்தப்பா, இதுல நீங்க என்னென்ன செய்றீங்க?" மின்னஞ்சல் பார்ப்பது, வங்கிக் கணக்கு பார்ப்பது, யூட்யூபில் கச்சேரி கேட்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, அப்புறம் எழுதுவது. எழுதுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிற வேலைகள். பிரவுசர் ஒன்றுக்காக அவ்வளவு பெரிய விண்டோஸை அந்த லேப்டாப் சுமந்துகொண்டிருந்தது. இப்போது அதே லேப்டாப் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளத்தில் அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது.

அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருக்கு இதையே செய்து கொடுத்துவிட்டேன். அதிலிருந்து முதலில் சொல்ல வேண்டியது: இயங்குதளத்தை மாற்றுவது கடைசி வேலை. முதலில் உங்கள் வேலைகள் பிரவுசருக்கு இடம்பெயர வேண்டும், அடுத்து கோப்புகள், கடைசியில்தான் இயந்திரம். முதல் நாளே பென் டிரைவைச் செருகி விண்டோஸை அழித்தவர்கள்தான் ஒரே வாரத்தில் "பழசே தேவலை" என்று திரும்பிப் போகிறார்கள்.

எதை எதனால் மாற்றுகிறோம்

இங்கே இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, கணினியில் நிறுவிப் பயன்படுத்திய மென்பொருள்களுக்குப் பதில் இணையச் செயலிகள். வேர்டு, எக்செல் போன்ற வேலைகளைப் பிரவுசருக்குள்ளேயே செய்வது புதிதல்ல. ஜோஹோ ரைட்டர் 2005-இலேயே வந்துவிட்டது. கூகுள் டாக்ஸின் மூலமான ரைட்லி என்ற செயலியை 2006-இல் கூகுள் வாங்கியது. இருபது ஆண்டுகளில் இவை நன்றாகத் தேறிவிட்டன.

இரண்டாவது, விண்டோஸுக்குப் பதில் பிரவுசரை மையமாகக் கொண்ட இயங்குதளம். 2011-இல் குரோம்புக் என்ற பெயரில் வந்த லேப்டாப்புகளில் இருப்பது குரோம்ஓஎஸ். நம்மிடம் இருக்கும் சாதாரண லேப்டாப்பிலும் அதைப் போட முடிகிற மாதிரி நெவர்வேர் என்ற நிறுவனம் கிளவுட்ரெடி என ஒன்றைச் செய்திருந்தது. அந்த நிறுவனத்தை கூகுள் 2020-இல் வாங்கி, 2022-இல் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று வெளியிட்டது. இலவசம்தான்.

முதல் மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு விண்டோஸிலேயே இருப்பதிலும் தவறில்லை. ஆனால் முதல் மாற்றத்தைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது.

முதல் படி: ஒரு வாரம், ஒரு காகிதம்

லேப்டாப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வையுங்கள். ஒரு வாரம் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் அதில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் சரியாக வராது. வருஷத்துக்கு ஒருமுறை திறக்கிற ஒன்று கண்டிப்பாக விட்டுப்போகும். வாரக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை பிரவுசரில் செய்ய முடியுமா என்று குறியுங்கள்.

சில பெயர்கள் பட்டியலில் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. கடைக் கணக்கை டேலியில் போடுகிறவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனை யூஎஸ்பியில் செருகி வரித் தாக்கல் செய்கிற ஆடிட்டர் அலுவலகம், ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையம், ஆட்டோகேடில் வரைகிறவர், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிற அச்சகம் என இவர்களுக்கெல்லாம் விண்டோஸ் கணினி ஒன்று வேண்டும். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றை மாற்றலாம். ஒன்றே ஒன்றுதான், அதில்தான் இந்த வேலை நடக்கிறது என்றால் மாற்றாதீர்கள்.

இன்னொன்று: குரோம்புக்கில் பிளே ஸ்டோர் இருக்கும், ஃப்ளெக்ஸில் இருக்காது. ஆண்ட்ராய்டு செயலி எதுவும் ஓடாது. வாட்ஸாப்பை அதன் இணைய வடிவத்தில் பயன்படுத்தலாம். யூபிஐ செயலிகள் போனிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: கணக்கைப் பத்திரப்படுத்துவது

இதுவரை லேப்டாப் தொலைந்தால்தான் கோப்புகள் போகும். இனிமேல் லேப்டாப் தொலைந்தாலும் கோப்புகள் இருக்கும். கணக்கு தொலைந்தால் எல்லாம் போகும். அதனால் இந்தப் படியை அரைமணி நேரம் ஒதுக்கி நிதானமாகச் செய்யுங்கள்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், மீட்பு போன் எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் இப்போது உங்கள் கையில் இருப்பவைதானா என்று பாருங்கள். எப்போதோ மாற்றிவிட்ட பழைய சிம்மின் எண் அங்கே உட்கார்ந்திருப்பதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். அடுத்து இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதே இடத்தில் பேக்கப் கோடு என்று பத்து எண்களைத் தருவார்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். போன் தொலைந்த நாளில் உங்களை உள்ளே விடப்போவது அவைதான். அவற்றை லேப்டாப்பில் சேமிக்காமல் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கிற இடத்தில் வையுங்கள்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. போனிலிருந்து போட்டோக்கள் தானாக ஏறிக்கொண்டிருந்தால் பாதி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரில் பெற்றோருக்காகத் திறந்து மறந்துபோன கணக்குகளுக்கு இது முக்கியம்.

மூன்றாம் படி: விண்டோஸில் இருந்தபடியே பழகுவது

இரண்டு வாரங்களாவது வேண்டும். இப்போதுள்ள விண்டோஸிலேயே குரோம் பிரவுசரைத் திறந்து, எல்லா வேலையையும் அதற்குள்ளேயே செய்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் மற்ற ஐகான்களை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் கை தானாக அங்கே போகாது.

எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் மூன்று வழிகள் உண்டு: கூகுள் டாக்ஸ் - ஷீட்ஸ், ஜோஹோவின் ரைட்டர் - ஷீட், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் வேர்டு, எக்செல் ஆகியவற்றின் இணைய வடிவம். அலுவலகத்திலிருந்து வேர்டு கோப்பு வந்து, திருத்தி அதே வடிவத்தில் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு மூன்றாவதுதான் நல்லது. அட்டவணையும் இடைவெளியும் அதில்தான் கலையாமல் இருக்கும். கூடவே ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் 5 ஜிபி இடமும் கிடைக்கும். சொந்தமாக எழுதி, நாலு பேரோடு சேர்ந்து திருத்துகிறவர்களுக்கு கூகுள் டாக்ஸ். ஜோஹோ ரைட்டரை நான் விரும்பிப் பரிந்துரைக்கக் காரணம் அதன் திரை: எழுதுகிற பக்கம் தவிர வேறெதுவும் கண்ணை இழுக்காது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் படைப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று தேடியே அலுத்துப்போவீர்கள்.

போட்டோஷாப் அளவுக்குப் படம் திருத்துகிறவர்கள் ஃபோட்டோபியாவைத் திறந்து பாருங்கள். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை லேயரோடு அப்படியே திறக்கிறது. பிரவுசரில் ஓடினாலும் திருத்துகிற வேலை முழுவதும் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. படம் வெளியே எங்கும் போவதில்லை. அழைப்பிதழ், போஸ்டர் என்றால் கேன்வா.

எக்செலில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மேக்ரோக்கள் கூகுள் ஷீட்ஸில் அப்படியே ஓடாது, எக்செலின் இணைய வடிவத்திலும் ஓடாது. சாதாரண ஃபார்முலாக்கள் வந்துவிடும். உங்கள் முக்கியமான கோப்பு ஒன்றை ஏற்றி, கூட்டுத்தொகை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் எந்த வேலைக்காக மறுபடி பழைய மென்பொருளைத் திறந்தீர்கள் என்று அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு வெறுமையாக இருந்தால் மேலே போகலாம்.

தமிழ்க் கோப்புகள்: இங்கேதான் நேரம் பிடிக்கும்

சித்தப்பாவிடம் கிட்டத்தட்ட இருபது வருஷத்து எழுத்துகள் இருந்தன: வினாத்தாள்கள், பட்டிமன்றக் குறிப்புகள், ஊர்க்கோயிலின் வரலாறு. அவற்றில் ஒன்றை கூகுள் டாக்ஸில் திறந்தபோது முதல் வரியில் ஆங்கில எழுத்துகள் ஐந்து நின்றன: ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாம் போச்சா?" என்றார். எதுவும் போகவில்லை. அந்த ஐந்தும் சேர்ந்தால் 'தமிழ்' என்ற சொல். பாமினி எழுத்துருவில் ஜே என்ற விசையில் 'த' இருக்கும், கே-யில் 'ம', பி-யில் இகரக் குறி, ஓ-வில் 'ழ', அரைப்புள்ளியில் புள்ளி. கணினி சேமித்து வைத்தது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்திய முறைகளில் எழுதிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இணையச் செயலிகள் யூனிகோடை மட்டுமே தமிழ் என்று அறியும். அதனால் விண்டோஸை அழிப்பதற்கு முன்பே, எழுத்துருக்கள் கைவசம் இருக்கும்போதே, இந்தக் கோப்புகளை மாற்றிவிட வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் விண்டோஸில் உண்டு. பிரவுசரிலேயே ஓடும் மாற்றிகளும் உண்டு. பழைய பக்கத்தை நகலெடுத்து ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து, வரும் யூனிகோடை எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றும்போது இரண்டைப் பாருங்கள். கோப்பில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிக் குதறிவிடும். அவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்த 'ஒ', 'ஓ', 'ஔ' வரிசை எழுத்துகளில் அங்கங்கே பிழை வரலாம். 'கொ', 'போ' போன்ற சில எழுத்துகளைத் தேடி ஒருமுறை சரிபாருங்கள். எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டோம். மாற்ற நேரமில்லாதவற்றை, அதே எழுத்துருவில் சரியாகத் தெரியும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். படிக்கவாவது என்றைக்கும் முடியும்.

காகிதத்தில் மட்டுமே இருக்கிற பழைய தட்டச்சுப் பக்கங்களுக்கும் ஒரு வழி உண்டு. போனில் தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்' என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் உள்ள தமிழை எழுத்தாக்கித் தருகிறது. அச்சு தெளிவாக இருந்தால் திருத்த வேண்டியது கொஞ்சம்தான்.

கூகுள் டாக்ஸில் தமிழ் எழுத்துருக்கள் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' என்பதைத் திறந்து, ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, கவிவனார், பவனம் என்று வரிசையாக வரும். சித்தப்பாவுக்குப் பிடித்தது கவிவனார். கையால் எழுதிய மாதிரி லேசாகச் சாய்ந்திருக்கும்.

நான்காம் படி: கோப்புகளை ஏற்றுவதும் நகல் எடுப்பதும்

சி டிரைவில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் பாருங்கள். டி டிரைவ் இருந்தால் அதையும். அன்றாடம் வேண்டியவை மட்டும் கூகுள் டிரைவுக்குப் போகட்டும். கல்யாண வீடியோக்களை மேலே ஏற்றி 15 ஜிபியை நிரப்ப வேண்டாம். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டிரைவுக்குப் போனவற்றுக்கும் அதே ஹார்ட் டிஸ்கில் இன்னொரு நகல் இருக்கட்டும். நகல் எடுத்த பிறகு ஹார்ட் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பழையதை அழித்தவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேறு பிரவுசரில் சேமித்திருந்தால் அதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. திரும்பிப் போகிற வழியைச் செய்து வைப்பது. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 10 நிறுவல் கோப்பை ஏற்றி வையுங்கள். உங்கள் விண்டோஸ் உரிமம் டிஜிட்டல் உரிமமாக இருந்தால் அந்த லேப்டாப்போடே கட்டப்பட்டிருக்கும். திரும்ப நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகச் செயலுக்கு வந்துவிடும்.

ஐந்தாம் படி: நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

முதலில் லேப்டாப்பின் தகுதி. 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர், 4 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பிடம். 2010-க்கு முந்திய பிராசசர் என்றால் அனுபவம் நன்றாக இருக்காது என்று கூகுளே சொல்கிறது. பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும், தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் ரேமைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தில் இருக்கும். 2 ஜிபிதான் என்றால், இன்னொரு ரேம் போட இடமிருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு மேலே போங்கள். கூகுள் சோதித்துப் பார்த்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. அதில் இல்லாத மாடலிலும் ஓடலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது.

இப்போது 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வேறொரு பென் டிரைவ் வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். குரோம் வெப் ஸ்டோரில் குரோம்புக் ரெக்கவரி யுடிலிட்டி என்ற எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) சேர்த்துத் திறங்கள். மாடல் எண் கேட்கும் இடத்தில் எதுவும் தட்டாமல், 'செலக்ட் எ மாடல் ஃப்ரம் எ லிஸ்ட்' என்பதை அழுத்துங்கள். தயாரிப்பாளர் பட்டியலில் கூகுள் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ், அடுத்த பட்டியலில் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து உருவாக்கச் சொல்லுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் அப்போது செருகியிருக்கவே கூடாது. தவறிப்போய் அதைத் தேர்ந்தெடுத்தால் நாலாம் படியில் எடுத்த நகல் போய்விடும்.

லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய உடனே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கவைக்கும் பூட் விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பதற்றம் வரும். சித்தப்பாவின் லேப்டாப்பில் இரண்டு முறை தவறவிட்டு விண்டோஸே வந்தது. மூன்றாவது முறை கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது, அதில் பென் டிரைவின் பெயர் இருந்தது. அம்புக்குறியால் இறங்கி என்டர் தட்டியதும் வெள்ளைத் திரையில் குரோம் சின்னம் வந்தது.

வரவேற்புத் திரையில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: நிறுவுவது, முதலில் முயன்று பார்ப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இப்படி ஓட்டும்போது விண்டோஸை அது தொடுவதில்லை. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து இப்போது எடைபோட வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு. வைஃபை பிடிக்கிறதா? ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் சத்தம் வருகிறதா? கேமராவில் முகம் தெரிகிறதா, மைக்கில் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கிறதா? டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா? மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? கைரேகை ரீடரும் சிடி டிரைவும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃப்ளெக்ஸ் அவற்றுக்கு ஆதரவு தருவதில்லை.

பிரிண்டரை இந்தக் கட்டத்திலேயே சோதியுங்கள். வைஃபையில் இணைகிற சமீபத்திய பிரிண்டர்கள் பெரும்பாலும் செட்டிங்ஸில் தானாகத் தெரியும். யூஎஸ்பி கேபிளில் மட்டும் ஓடும், தயாரிப்பாளரின் விண்டோஸ் டிரைவரை நம்பியே இருக்கும் பழைய லேசர் பிரிண்டர்கள் சில ஓடாது. என் நண்பரின் ஜெராக்ஸ் கடையில் இதைச் சோதிக்காமல் மாற்றிவிட்டு அன்று சாயங்காலமே விண்டோஸைத் திரும்பப் போட்டோம். அது என் பிழைதான்.

ஆறாம் படி: நிறுவுவது

இரண்டு மூன்று நாள் பென் டிரைவிலேயே ஓட்டி எல்லாம் சரி என்று தெரிந்தால், மறுபடி அதே வழியில் நுழைந்து இப்போது நிறுவச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்கில் உள்ள எல்லாம் அழியும். விண்டோஸும் ஃப்ளெக்ஸும் ஒரே டிஸ்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியாது. சார்ஜரைச் செருகி வையுங்கள். கரண்ட் போகிற நேரம் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். எங்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் தானாக அணையும். பென் டிரைவை எடுத்துவிட்டு, லேப்டாப்பைத் திரும்ப இயக்குங்கள்.

கூகுள் கணக்கில் நுழைந்ததும் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் வந்து சேரும். அடுத்து தமிழ் விசைப்பலகை: செட்டிங்ஸில் கீபோர்டு அண்ட் இன்புட்ஸ் என்ற பகுதியில் உள்ளீட்டு முறையைச் சேர்க்கச் சொல்லி தமிழைத் தேடுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவை இருக்கும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். விண்டோஸில் பழகிய அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை இங்கே நிறுவ முடியாது என்பதால், மூன்றாம் படியிலேயே இந்த விசைப்பலகைகளில் ஒன்றைப் பழகிக்கொள்வது நல்லது. புதிதாகக் கற்கிறவர்கள் தமிழ்99-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய முறை அது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் வரும், ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும்.

அடிக்கடி போகிற தளங்களைச் செயலி மாதிரி தனிச் சாளரத்தில் திறக்கச் செய்யலாம். தளத்தில் இருக்கும்போது மூன்று புள்ளி மெனுவில் 'இன்ஸ்டால் பேஜ் அஸ் ஆப்' என்பதை அழுத்தினால் போதும்; கீழே உள்ள பட்டையில் ஐகானாக வந்து உட்காரும். சித்தப்பாவுக்கு ஜிமெயில், டாக்ஸ், யூட்யூப், வாட்ஸாப் நான்கையும் அப்படி வைத்தேன். "பழைய மாதிரியே இருக்கே தம்பி" என்றார். அதுதான் வேண்டியது.

இணையம் இல்லாத நேரம்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: நெட் போனால் என்ன செய்வது? எழுதுவது நிற்காது, முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால். கூகுள் டிரைவின் செட்டிங்ஸில் ஆஃப்லைன் என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். இதை நெட் இருக்கும்போதே செய்ய வேண்டும். போன பிறகு செய்ய முடியாது. அண்மையில் திறந்த கோப்புகள் தானாகச் சேமிக்கப்படும். கண்டிப்பாக வேண்டும் என்ற கோப்புகளுக்குத் தனித்தனியே வலது கிளிக் செய்து ஆஃப்லைனில் கிடைக்கச் சொல்லலாம். நெட் திரும்பியதும் எழுதியதெல்லாம் தானே மேலே போய்விடும்.

ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்து நாலு வரி எழுதி, வைஃபையைத் திரும்பப் போட்டு, போனில் அதே கோப்பைத் திறந்து அந்த நாலு வரி இருக்கிறதா என்று பாருங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் ஒருமுறை இணைத்து வைத்துவிட்டால், பிராட்பேண்ட் போகிற நாளில் கடவுச்சொல் தேடி அலைய வேண்டியிருக்காது. இணையமே அரிதாக வரும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் ஃப்ளெக்ஸ் உங்களுக்கானதல்ல. எழுதவும் கணக்குப் போடவும் உதவும் லிபர்ஆபீஸோடு வரும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் அதே பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடும்.

அப்புறம் செய்ய வேண்டியவை

அப்டேட்டுகள் பின்னணியில் தாமாக இறங்கும். அடுத்த முறை அணைத்துப் போடும்போது ஏறிவிடும். தனியே ஆன்ட்டிவைரஸ் வாங்க வேண்டாம். ஆனால் நாம் போட்டது பழைய லேப்டாப். குரோம்புக்கில் இருக்கும் கூகுளின் பாதுகாப்புச் சிப் இதில் இல்லை. அதனால் தெரியாத எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்காமல் இருப்பது முக்கியம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் இறக்கி வெளி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். டாக்ஸ் கோப்புகள் வேர்டு வடிவத்தில் வரும், எங்கு வேண்டுமானாலும் திறக்கலாம். எந்தக் காரணத்தாலோ கணக்கு முடங்கினாலும் உங்கள் எழுத்து உங்களிடம் இருக்கும். சித்தப்பாவின் கோயில் வரலாறு இப்போது டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அச்செடுத்து நூலாகக் கட்டியது ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது.

விண்டோஸ் பென் டிரைவ், ஃப்ளெக்ஸ் பென் டிரைவ் இரண்டின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதி ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஃப்ளெக்ஸ் பென் டிரைவை வேறு வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் விண்டோஸில் அதன் அளவு சிறியதாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அதே ரெக்கவரி யுடிலிட்டியின் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி அழிக்கச் சொன்னால் பழையபடி ஆகிவிடும்.

லேப்டாப்பை வேறொருவருக்குக் கொடுக்கும் நாள் வந்தால் செட்டிங்ஸில் பவர்வாஷ் என்று இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் கணக்கும் அதில் இறக்கிய கோப்புகளும் அழிந்து, புதிதாக நிறுவியது போல வரவேற்புத் திரை வந்து நிற்கும். அதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை பாருங்கள். டிரைவுக்குப் போகாமல் லேப்டாப்பிலேயே தங்குவது அதில் இருப்பவைதான்.